பாதி வயதில் தமிழுக்கு வந்தவர்: தனிநாயகம் அடிகளார்

1940ஆம் ஆண்டு. திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், கன்னியாகுமரிக்குப் போகும் வழியில் உள்ள வடக்கன்குளம் என்ற ஊருக்கு ஓர் இளம் பாதிரியார் ஆசிரியராக வந்து சேர்ந்தார். வயது 27-ஐ எட்டிக்கொண்டிருந்தது. ரோமாபுரியில் படித்து முனைவர் பட்டம் பெற்றவர். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிறிஸ்தவக் குருமாரைப் பற்றித்தான் அவருடைய ஆய்வு. லத்தீனும் இத்தாலியமும் கைவந்தவை. ஆங்கிலம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

குறை ஒன்றே ஒன்றுதான். தமிழ் போதாது.

வீட்டில் பேசுகிற தமிழ் இருந்தது. இலக்கியத் தமிழ் இல்லை. புனித தெரேசா உயர்நிலைப்பள்ளியில் அவர் கண்ட கிராமத்துப் பிள்ளைகளும் சக தமிழாசிரியர்களும் சாதாரணமாக எடுத்தாளும் நூல்களைக்கூட அவர் படித்திருக்கவில்லை. ஐரோப்பிய மொழிகளை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு வந்த மனிதர், பெற்றோர் பேசிய மொழியின் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அவர்தான் பின்னாளில் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாட்டை நடத்திக் காட்டிய சேவியர் தனிநாயகம் அடிகளார். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக இருந்தவர். மாநாட்டை நம் மூத்தவர்கள் பலர் இன்றும் பேசுவார்கள். ஆனால் ஊர் விட்டு ஊர், நாடு விட்டு நாடு ஆசிரியப் பணி தேடிப் போன இந்த மனிதர், தமிழில் காலெடுத்து வைத்ததே தம் வாழ்நாளில் ஏறக்குறையப் பாதி கழிந்த பிறகு என்பதை அறிந்தவர் குறைவு.

இலங்கையில் யாழ்ப்பாணத்தை ஒட்டிய ஊர்காவற்றுறைப் பகுதியில், கரம்பொன் என்ற ஊரில் 1913 ஆகஸ்டு 2ஆம் நாள் பிறந்தார். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும் பிறகு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் படிப்பு என்றால் உத்தியோகம் என்று பொருள். மலாயா ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் கிராணிகளாக வந்து அமர்ந்த யாழ்ப்பாணத்தாரை நம் நாட்டில் எல்லாருக்கும் தெரியும். அவர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்த அதே ஆங்கிலப் படிப்புதான் இந்தப் பையனையும் வளர்த்தது. அவர் மட்டும் கந்தோருக்குப் போகவில்லை, குருமடத்துக்குப் போனார். கொழும்பில் குருத்துவப் படிப்பு, 1934 முதல் ரோமில் மேற்படிப்பு, 1938-இல் குருப்பட்டம். இந்த நீண்ட பாதையில் தமிழ் எங்கேயும் பாடமாக நிற்கவில்லை.

ரோமிலிருந்து திரும்பியவர் யாழ்ப்பாணத்தில் தங்கவில்லை. கடல் கடந்து தமிழகத்தின் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணிக்குச் சேர்ந்தார். அப்படித்தான் வடக்கன்குளம் அவருக்கு வாய்த்தது.

அந்தப் பள்ளியில் பாடம் நடத்தினால் போதும், சம்பளமும் மரியாதையும் கிடைக்கும். பாதிரியாருக்குத் தமிழ் இலக்கியம் தெரியவில்லை என்று யாரும் வேலையை விட்டு நீக்கப் போவதில்லை. அவரோ பண்டிதர் ஒருவரைத் தேடிப் பிடித்தார். குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்ற தமிழ் பண்டிதர் அவர். பகலில் பிள்ளைகளுக்கு ஆசிரியர், மற்ற நேரத்தில் பண்டிதருக்கு மாணவர். கத்தோலிக்கப் பாதிரியார் ஐயரிடம் உட்கார்ந்து தமிழ் கேட்டார் என்பதை இன்று வியப்பாகச் சொல்வோர் உண்டு. அவர்கள் இருவருக்கும் அது வியப்பாக இருந்திருக்காது. ஒருவரிடம் சரக்கு இருந்தது, மற்றவருக்குப் பசி இருந்தது. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் இந்தப் படிப்பு நடந்தது. தம் முன்னோர் பெயரான தனிநாயகம் என்பதை அவர் தமக்குரிய பெயராக எடுத்துக்கொண்டதும் இந்தத் தமிழகத்து நாள்களில்தான்.

சங்க இலக்கியம் அவரைப் பிடித்துக்கொண்டது. கிரேக்க, லத்தீன் கவிஞர்களை மூலத்திலேயே படித்தவருக்கு, மலையும் காடும் வயலும் கடலும் மனித மனத்தோடு பிணைந்து நிற்கும் அந்தப் பாடல்களின் உயரம் சட்டென்று தெரிந்துவிட்டது. பிறப்பிலிருந்தே தமிழில் ஊறியவர்களுக்குக் கிடைக்காத ஒரு பார்வை, தாமதமாக வந்த இவருக்குக் கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க அவர் கையில் இன்னோர் அளவுகோல் இருந்தது.

1945-இல் அவர் எடுத்த முடிவுதான் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது. பள்ளி வேலையை விட்டுவிட்டுச் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை வகுப்பில் மாணவராகச் சேர்ந்தார். ரோமாபுரி முனைவர், குருப்பட்டம் பெற்று ஏழு ஆண்டு ஆனவர், 32 வயதை எட்டும் நேரத்தில், தம்மைவிடப் பத்து வயது இளைய பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார். தமிழை இளங்கலையில் முறையாகப் படித்தவரும் அல்லர். அப்போது அங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் பன்மொழிப் புலவர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார். பல மொழி அறிந்த மாணவருக்குப் பல மொழி அறிந்த ஆசிரியர் அமைந்தது நல்ல பொருத்தம்.

முதுகலை முடிந்தது. அதன்மேல் எம்.லிட். ஆய்வும் செய்தார். பழந்தமிழ்க் கவிதையில் இயற்கை என்பது பொருள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்திணைப் பிரிவை ஐரோப்பியக் கவிதை மரபோடு பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வு அது. பின்னாளில் நிலமும் கவிதையும் என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலாகப் பரவி, தமிழ் தெரியாத ஆய்வாளர் பலருக்குச் சங்கப் பாடலை அறிமுகம் செய்தது இந்த ஆய்வுதான்.

1948-இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலிருந்து நீண்ட பயணம். மலாயா, ஜப்பான், அமெரிக்கா, தென் அமெரிக்க நாடுகள் என்று சுற்றிச் சொற்பொழிவாற்றினார். போன இடமெல்லாம் ஒரே அனுபவம். இந்தியா என்றால் சமஸ்கிருதம் என்று நினைத்த பேராசிரியர்களைக் கண்டார். தமிழ் என்று ஒரு மொழி உண்டு, அதற்கு இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் உண்டு என்பது அவர்களுக்குப் புதிய செய்தி. 1952-இல் அவர் முன்னின்று தொடங்கிய 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கிலக் காலாண்டிதழ் அந்தக் குறைக்கு அவர் கண்ட மருந்து.

அதே 1952-இல் அவருக்கு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. ஆனால் தமிழ்த் துறையில் அல்ல. கல்வித் துறையில். தமிழுக்காகப் பள்ளி வேலையை விட்டு, மறுபடி மாணவராகி, இரண்டு பட்டம் பெற்று, கடைசியில் கிடைத்தது ஆசிரியர்களுக்குப் பாடம் சொல்லும் வேலை. வேறு துறையில் படித்துவிட்டுக் கிடைத்த வேலையில் அமர்ந்தவர்களுக்கு இந்த இடம் புரியும். சிலர் அதிலேயே மனம் வெதும்பிப் போவார்கள். அடிகளார் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே தமிழின் பக்கம் திரும்பிக்கொண்டார். 1955 முதல் 1957 வரை லண்டனில் இரண்டாவது முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது அவர் எடுத்த பொருள், பழந்தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனை. கல்வித் துறைக்குக் கல்வி. அவருக்குத் தமிழ்.

ஐரோப்பாவில் இருந்த இடைவெளிகளில் பழைய நூலகங்களைத் துழாவினார். போர்த்துக்கீசியமும் லத்தீனும் தெரிந்திருந்ததால் மற்றத் தமிழறிஞர் நுழைய முடியாத அலமாரிகள் அவருக்குத் திறந்தன. 1554-இல் லிஸ்பனில் அச்சான, ரோமன் எழுத்தில் தமிழ் கொண்ட சிறு சமய நூலை எடுத்துக் காட்டினார். வத்திக்கான் நூலகத்தில், அந்தாம் தெ புரோயென்சா என்ற பாதிரியார் தொகுத்த, 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சிடப்பட்ட தமிழ் - போர்த்துக்கீசிய அகராதியைக் கண்டெடுத்தார். இந்த அகராதி பிறகு கோலாலம்பூர் வரை வந்தது.

இலங்கையில் இதற்குள் நிலைமை மாறிவிட்டது. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. அடிகளார் ஒதுங்கி நிற்கவில்லை. தமிழுக்குள்ள உரிமையை எழுத்திலும் மேடையிலும் வாதிட்டார். அவர் சிங்களத்துக்கு எதிரியல்லர். இரு மொழியும் இருக்கட்டும் என்பதுதான் அவர் பக்கம். ஆனால் காலம் அப்படிப்பட்ட குரலுக்கு ஏற்றதாக இல்லை. தமிழைப் பற்றி உலகமெல்லாம் பேசி வந்தவரின் பிறந்த நாட்டிலேயே அன்று தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதி இருக்கவில்லை.

1961-இல் அவர் மலாயாவுக்கு வந்தார். 48 வயதில் மீண்டும் ஒரு புது நாடு, மீண்டும் ஒரு புது வேலை. இந்த முறை கிடைத்தது அவருக்கென்றே அமைந்த வேலை: மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைத் தலைமை.

அந்த நாற்காலிக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1950களின் நடுவில், பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலத்தில், இந்தியத் துறை ஒன்று தொடங்கும் பேச்சு எழுந்தது. அதில் சமஸ்கிருதத்துக்கு முதலிடமா, தமிழுக்கு முதலிடமா என்ற கேள்வி கிளம்பியது. இங்கே இந்தியர் என்றால் பெரும்பாலும் தமிழர், அவர்கள் மொழிக்கே முதலிடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' கோ. சாரங்கபாணி முழங்கினார். வெறும் தலையங்கத்தோடு நிற்கவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. பால்மரம் சீவியவர்களும் நகரத்தில் கூலி வேலை செய்தவர்களும் அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்தார்கள். அன்றைய தோட்டக் கூலிக்கு ஒரு வெள்ளி சின்னக் காசு அல்ல. கொடுத்தவர்களில் பெரும்பாலானோரின் பிள்ளைகள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர்கள். பல்கலைக்கழக வாசலைப் பார்க்கப் போகிறவர்கள் அல்லர். பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ் நூல்கள் சேர அந்த நிதி உதவியது. 1956-இல் துறை தொடங்கியது. தமிழ் அதன் முதன்மைப் பாடமாயிற்று. 1959-இல் துறை கோலாலம்பூருக்கு மாறியது.

லயத்து வீடுகளிலிருந்து வந்த அந்த வெள்ளிகளின் மேல்தான் அடிகளார் வந்து அமர்ந்தார். அந்த அலமாரிகளில் இருந்த நூல்களை வைத்துத்தான் அவர் மாணவர்கள் படித்தார்கள். வாங்கிய கடனை அவர் எப்படித் திருப்பிக் கொடுத்தார் என்று கேட்டால், மாநாட்டைக் காட்டுவது வழக்கம். அதற்குச் சமமாக இரண்டு நூல்களையும் காட்ட வேண்டும். இரண்டும் 1966-இல் கோலாலம்பூரில் வெளிவந்தன. ஒன்று, தமிழியல் ஆய்வுக்குத் துணையாகும் நூல்களின் விளக்கப் பட்டியல். எந்தப் பொருளுக்கு எந்த நூலைத் தேடுவது என்று தெரியாமல் திண்டாடும் மாணவனுக்கு அது கைவிளக்கு. மற்றொன்று, வத்திக்கானில் அவர் கண்டெடுத்த அந்த 1679ஆம் ஆண்டு அகராதி. அம்பலக்காட்டில் பிறந்து, ரோமில் ஒளிந்திருந்த நூல், இந்திய ஆய்வியல் துறையின் வெளியீடாக மறுபிறப்பு எடுத்தது. கைதட்டலோ மாலையோ பெறாத வேலை இது. மாநாட்டுப் பந்தல்கள் பிரிக்கப்பட்டுவிட்டன. இந்த இரண்டு நூல்களும் ஆய்வாளர் மேசையில் இன்றும் கிடக்கின்றன.

மாநாட்டுக்கான விதை டில்லியில் விழுந்தது. 1964 ஜனவரியில் அங்கே கீழைத்தேய ஆய்வாளர்களின் 26ஆம் உலக மாநாடு கூடியது. பல நாட்டுத் தமிழறிஞர்கள் ஒரே ஊரில் இருக்கும் அந்த வாய்ப்பை அடிகளாரும் வ. அய். சுப்பிரமணியமும் நழுவ விடவில்லை. அறிஞர்களை ஓரிடத்தில் கூட்டி, உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தைத் தொடங்கினார்கள். பிரெஞ்சு அறிஞர் ஜான் பிலியோசா தலைவர். அடிகளாரும் செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபிலும் பொதுச் செயலாளர்கள்.

முதல் மாநாட்டை எங்கே நடத்துவது? தமிழகத்தில் நடத்தினால் பொருத்தம் என்று யாரும் சொல்வார்கள். நடந்தது கோலாலம்பூரில். 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை மலாயாப் பல்கலைக்கழகத்தில் அறிஞர்கள் கூடினார்கள். பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடக்கி வைத்தார். தமிழகத்திலிருந்து முதலமைச்சர் பக்தவத்சலம் குழுவோடு வந்தார். தமிழர் சிறுபான்மையாக வாழும் ஒரு நாட்டின் பிரதமர், மலாய்க்காரர், தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைத் தொடக்கி வைத்த அந்தக் காட்சியைத் தோட்டத்திலிருந்தும் பட்டணத்திலிருந்தும் மக்கள் பார்த்தார்கள். பிறந்த நாட்டில் தம் மொழிக்கு இடம் சுருங்குவதைப் பார்த்துவிட்டு வந்த அடிகளாருக்கு அந்த மேடை என்னவாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டு ஆண்டு கழித்துச் சென்னையில் இரண்டாம் மாநாடு நடந்தபோது ஆட்சி மாறி அண்ணா முதலமைச்சராக இருந்தார். ஊர்வலம், கடற்கரையில் சிலைகள், இலட்சக்கணக்கில் கூட்டம். ஆராய்ச்சி மாநாடு மக்கள் திருவிழாவாக மாறியது அங்கேதான். அது நல்லதா கெட்டதா என்ற வாதம் இன்னும் தீரவில்லை.

அடிகளார் மீது ஒரு குறையும் உண்டு. அவர் எழுதியதில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. 'தமிழ்த் தூது', 'ஒன்றே உலகம்', 'திருவள்ளுவர்' போன்ற தமிழ் நூல்கள் இருந்தாலும், ஆய்வின் சாரம் முழுவதும் ஆங்கிலத்தில். ஒரு வெள்ளி கொடுத்த தோட்டத் தொழிலாளிக்கு அவர் பெயர் தெரியும். அவர் எழுதியதைப் படிக்க வழியில்லை. தமிழனிடம் தமிழின் பெருமையைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள், வெளியாருக்குச் சொல்லத்தான் ஆளில்லை என்று அவர் சார்பில் பதில் சொல்லலாம். பதில் நியாயமானதுதான். ஆனாலும் குறை குறைதான்.

1969-இல் மலாயாப் பல்கலைக்கழகப் பணி முடிந்தது. பிறகு பாரிஸிலும் இத்தாலியின் நேப்பிள்ஸிலும் வருகைப் பேராசிரியராகச் சில காலம். 1970-இல் மூன்றாம் மாநாடு பாரிஸில் நடந்தது. அதன் பின் அடிகளார் யாழ்ப்பாணத்துக்கே திரும்பினார். 1974 ஜனவரியில் நான்காம் மாநாடு அங்கே நடந்தது. ஆராய்ச்சி அமர்வுகள் முடிந்து, 10ஆம் நாள் பொதுக்கூட்டத்துக்கு மக்கள் திரண்டிருந்தபோது போலீஸ் புகுந்தது. குழப்பத்தில் மின்கம்பி அறுந்து விழுந்து உயிர்கள் போயின. உலகத் தமிழரை ஒன்றுகூட்ட அவர் தொடங்கிய மாநாடு, அவர் பிறந்த மண்ணில் இழவு வீடாக முடிந்தது.

அதன்பின் அவர் வாழ்ந்தது ஆறு ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். 1980 செப்டம்பர் முதல் நாள், 67ஆம் வயதில் யாழ்ப்பாணத்தில் காலமானார். ஐந்தாம் மாநாடு மதுரையில் 1981 ஜனவரியில் கூடியது. நான்கு மாதம் தள்ளிப் போயிருந்தால் அடிகளார், வடக்கன்குளத்துக்கு வடக்கே பேருந்தில் சில மணி நேரத் தொலைவில் உள்ள அந்த ஊருக்கு, மன்றத்தின் நிறுவனராக வந்திருப்பார். வடக்கன்குளத்தில் அவர் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்த பையன்கள் அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தார்கள்.